பதினேழாம் நம்பர் டப்பா

நாற்பது டப்பாக்களில் முப்பத்தொன்றில் புழு.

நர்ஸ் படித்ததும் மேஸ்திரியின் முகம் சுண்டிப்போனது. போன வாரம் மலப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தபோது, வயிற்றில் பூச்சி இருந்தால் சாக்கடை வேலைக்கு வரவே வேண்டாம் என்று மிரட்டியவர் அவர்தான். இப்போது முப்பத்தொரு பேரை அனுப்பினால் குழிக்குள் அவரேதான் இறங்க வேண்டும்.

அதனால் சட்டம் மாறியது. நர்ஸ் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினால் வேலை உண்டு.

களிமண்ணை உருட்டி வைத்துக் கொடுத்த ஒருவனை மட்டும் மேஸ்திரி மன்னிக்கவில்லை. அவன் பெயரைக் காலையிலேயே அடித்துவிட்டார்.

வரிசையில் ஒரு கூலிக்காரி மடியில் கனமில்லாதவள் போல நின்றாள். அவள் கொடுத்த டப்பாவில் புழு இருக்க வழியே இல்லை.

“பதினேழு!”

அவள் திடுக்கிட்டு மேசைக்குப் போனாள்.

“கொக்கிப் புழு. எல்லாரையும்விட உனக்குத்தான் அதிகம். ரத்தத்தையே குடிச்சிருக்குமே, எப்படிம்மா நடமாடுறே?”

நடமாட்டம் எங்கே இருந்தது? வாசற்படியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. நேற்றுகூட, சோம்பேறிக் கழுதை என்று மகள் முதுகில் ஒன்று வைத்திருந்தாள்.

அடித்த அந்தக் கையை நீட்டினாள். அதில்தான் நர்ஸ் மாத்திரையை வைத்தாள்.

வாயில் போட்டுக்கொண்டால் வேலை நிலைக்கும். பக்கத்தில் மேஸ்திரி பெயர்ப் பட்டியலோடு நின்றிருந்தார்.

அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

“அது என்னோடது இல்ல சிஸ்டர். சின்னப் புள்ளைக்கு என்ன பூச்சி இருக்கப் போகுதுன்னு, என் நாலு வயசுப் பொண்ணோடதை வச்சுக் குடுத்துட்டேன். இதை அவளுக்குக் குடுக்கலாமா?”

மேஸ்திரி பேனா மூடியைக் கழற்றினார்.

மாத்திரை விழுங்கிவிட்டுத் தண்ணீர்க் குடத்தருகே அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் மேசைப் பக்கம் திரும்பினார்கள். முதல் ஆளாக விழுங்கிவிட்டு எல்லோரையும் கேலி செய்துகொண்டிருந்த நெட்டையன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தான்.

“சிஸ்டர், அஞ்சு வயசுப் பையனுக்கு எத்தனை மாத்திரை?”

அவனுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பத்துப் பேர் வந்து நின்றார்கள்.