நீல டிரம்

அரபு நாட்டுப் பாலைவனத்தைத் தனியாக நடந்தே கடப்பதென்று கிளம்பிய அற்புதராஜுக்கு, முதல் வாரம் முடிவதற்குள்ளேயே தன் குரல் மறந்துபோயிற்று. மனிதர்களே வேண்டாம் என்றுதான் கிளம்பியிருந்தான். ஒரு மதியம் மணல்மேட்டில் ஏறியபோது கீழே ஒரு தகரக் கொட்டகையையும் சில ஆடுகளையும் அவற்றை மேய்க்கிற ஒருவனையும் பார்த்தான். சும்மா போய் எதிரில் நின்றால் என்னவென்று சொல்வது? தண்ணீர் கேட்கலாம். ஆனால் பாட்டில்கள் நிறைந்திருந்தன. அற்புதராஜ் மேட்டுக்குப் பின்னால் இறங்கி, அடுத்த கிணறு வரைக்கும் வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் மணலில் ஊற்றிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினான்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" அவசரத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டான்.

மேய்ப்பவன் எழுந்து நின்றான். "அண்ணாச்சி, நம்ம பக்கமா? எனக்கு நாங்குநேரி. பேரு இசக்கிமுத்து. இந்த ஆடுங்ககிட்ட எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன், ஒண்ணுகூட பதில் சொல்ல மாட்டேங்குது." பிறகு காலிப் பாட்டில்களைப் பார்த்தான். முகம் வாடியது. "தண்ணிதான் இல்ல அண்ணாச்சி. வண்டி நாளைக்குத்தான் வரும். இருந்து வாங்கிட்டுப் போங்களேன்."

சொல்லிக்கொண்டே பின்னாலிருந்த நீல டிரம்மில் சாய்ந்தான். டிரம் லேசாக ஆடியது. உள்ளே முக்கால்வாசிக்கு மேல் இருந்த தண்ணீர் அலம்பும் சத்தம் இருவருக்கும் கேட்டது. இசக்கிமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அற்புதராஜ் மணலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான்.

"நாளைக்கே வந்துருமா?" என்று கேட்டான்.