நாய்ப் படம் போட்ட டப்பா

என் அப்பா நாகேந்திரனுக்கு நாய்க்கான சத்துப் பொடியைக் கொடுத்து மோசம் பண்ணிவிட்டார், கால்நடை மருந்துக்கடை காளிராஜ். அதுவும் சீல் உடைந்த டப்பாவில்!

"என்னப்பா இது?"

"முட்டி வலிக்குத்தான். எதுத்த வீட்டு நாய் நொண்டிக்கிட்டுக் கெடந்துச்சுல்ல? இதத் தின்னுதான் இப்ப மாடிப்படி ஏறுது."

"நாயும் நீங்களும் ஒண்ணாப்பா?"

"எலும்பு எல்லாருக்கும் எலும்புதானே? தெனம் கோவிலூர் வரைக்கும் நடந்துட்டு வந்து ரெண்டு கரண்டி திங்கிறேன். ரெண்டு மாசத்துல குத்தவச்சு மரம் இழைக்க முடியுதே! ருசியும் நல்லாத்தான் இருக்கு."

நான் விலங்கியல் முதுகலை படிப்பவள். விடுவேனா?

"அது நாயோட உடம்புக்குன்னு போட்ட அளவு. மனுசருக்குக் குடுத்து யாரு சோதிச்சுப் பாத்தா? நாளைக்குக் கிட்னி போச்சுன்னா?"

"போகட்டும், முட்டி நிக்குதுல்ல!"

அடுப்படியில் அம்மா கேழ்வரகு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"நீயாச்சும் கேளும்மா!"

"தேவலைங்கிறாருல்ல, விடேன்டி. கடைக்கெல்லாம் போயி நிக்காத."

வீட்டுக்காரர் நாய் மருந்து தின்கிறார், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! எனக்குச் சந்தேகம் கூடியது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"ஏண்ணே, தெரிஞ்சே மனுசருக்கு நாய் மருந்து குடுக்குறீகளா? சீல் ஏன் ஒடஞ்சிருக்கு? காலாவதியானத ரொப்பிக் குடுத்தீகளா? புகார் எழுதப் போறேன்!"

காளிராஜ் இங்குட்டும் அங்குட்டும் பார்த்தார்.

"கத்தாத தங்கச்சி. டாக்டர் ஒங்கப்பாவ நடக்கத்தான் சொல்லியிருக்காரு. மாத்திரை எழுதாதவன் ஒரு டாக்டரான்னு இங்க வந்து நின்னாரு. நான் இல்லைன்னா அடுத்த கடையில வாங்கித் தின்னுருவாரு. அதான், நடந்துட்டு வந்து தின்னாத்தான் ஒடம்புல பிடிக்கும்னு சொல்லிக் குடுத்தேன்."

"நடக்க வைக்கிறதுக்கு நாய்ப் பொடியா?"

"டப்பாதாம்மா நாயோடது. பொடியக் கொட்டிட்டு, ஒங்கம்மா அரச்சுக் குடுத்த சத்துமாவைத்தான் ரொப்பினேன். அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிரு, இனிமே ஏலக்கா சேக்க வேணாம். நாய் மருந்து இம்புட்டு மணக்காது!"