இரண்டு சைலன்சர்கள்

மெக்கானிக் இரண்டு சைலன்சர்களைப் பலகைமேல் வைக்கிறார். கூரை இடுக்கில் விழும் வெயிலில் இரண்டும் மின்னுகின்றன. "இதுக்குள்ள இருக்கறது நேர்க்குழாய். டர்போ இன்ஜினோட இழுவை குறையாது, சத்தம் பாதியாயிடும். அதுல தடுப்பு நிறைய. சத்தமே வராது, ஆனா வண்டி திணறும்." கணவன் இரண்டாவதைத் தொடுகிறான். "இதையே மாட்டுங்க. அக்கம்பக்கத்துல குறை சொல்றாங்க." பட்டறை வாசலில் நிற்கும் மனைவிக்குச் சுருக்கென்கிறது. அவர்களுடைய பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரருக்குக் காது மந்தம். வேகத்துக்காகவே இந்த வண்டியை வாங்கியவன், வேகம் போனாலும் பரவாயில்லை என்கிறான். அவன் பார்வை அவள் பக்கமே திரும்பவில்லை. அவள் உள்ளே வந்து முதல் சைலன்சரை மெக்கானிக் பக்கம் நகர்த்துகிறாள். "இதை மாட்டுங்கண்ணே. இவர் வர்றதும் போறதும் எனக்குக் கேக்கணும்." கணவன் விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றுவிடுகிறது.