வலது பக்கத்துத் தடம்

போனக்காடு தேயிலை எஸ்டேட் துரையின் பங்களா ஏலத்தில் அப்பா ஒரு வாத்தியம் எடுத்து வந்தார். சின்னக் கோட்டுவாத்தியம் என்று நினைத்துவிட்டார். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. அதனால் கோட்டுவாத்தியம் வாசிக்கிற சேஷன் மாமாவை எங்கள் வலியசாலை வீட்டுக்கு அழைத்தோம்.

"இது ஹவாயன் கிட்டார். மடியில வெச்சு, கம்பிமேல இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கணும்," என்று மாமா அதைத் திருப்பினார். பின்பக்கம் இரண்டு இடத்தில் பாலிஷ் தேய்ந்திருந்தது. "ஒரே ஆள் வருஷக்கணக்கா வாசிச்சிருக்கா. இடது தொடைத் தடம் அகலம். வலது ஒரு விரக்கடைதான். ஒரு கால் சூம்பினவா, கேட்டோ."

என் அக்கா விஜயத்துக்குப் பிறந்ததிலிருந்தே வலது கால் சூம்பியிருக்கிறது. அவள் இந்தத் தெருவைத் தாண்டியதே இல்லை.

"இங்க குடுங்கோ மாமா," என்றாள் அக்கா. மடியில் வைத்ததும் இரண்டு தடமும் துளி பிசகாமல் பொருந்தின.

"வேண்டாம், வித்துடலாம்," என்றார் அப்பா.

"ஏம்ப்பா? இப்பதானே திரும்பி வந்திருக்கு."

அப்பா அதை உடனே மாமாவோடு அனுப்பிவிட்டார்.

இப்போது அக்கா என் பக்கத்தில் தூங்குகிறாள். அவள் கை என் கைமேல் கிடக்கிறது. இரும்பாகச் சில்லிட்டிருக்கிறது. அது மெதுவாக நழுவி, ஓர் இடத்தில் நின்று நடுங்கி, அடுத்த இடத்துக்கு நழுவுகிறது.