பீடத்துணி

கிட்டே வந்து உட்காருங்கள் செல்லங்களே, வயிற்றைப் புரட்டும் கதை ஒன்று சொல்கிறேன். போர்க்காலத்தில் கன்னியர் மடத்தைப் பிடித்த கேப்டன், கோயில் பீடத்தில் அமர்ந்து பன்றிக்கறி தின்றான். பீடத்துணியிலேயே எண்ணெய் வாயைத் துடைத்து, அதை சிஸ்டர் எமரென்சியாவிடம் எறிந்தான்.

“இதால என் பூட்ஸத் தொடை. உசிரோட போ.”

“என் முக்காட்டால தொடைக்கிறேன் ஐயா. இது பூசையில நற்கருணை அப்பம் வைக்கிற துணி.”

“வெறும் துணிதானடி!”

“அப்ப முக்காடு போதாதா ஐயா?”

சுட்டுவிட்டான். ரத்தம் அவன் பூட்ஸில் தெறித்தது. விழுந்த பிறகும் சிஸ்டரின் கை துணியை விடவில்லை. த்தூ, அந்தப் பாவி கையோடு சேர்த்தே இழுத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவிக்கொண்டே போனது.

உங்கள் வீட்டுத் துணிகளில் குழம்புக் கறை தவிர வேறெதுவும் படியாதிருக்கட்டும், கண்ணுகளா.