காப்புக் கயிறு

வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் கைலாசம் ஆசைப்பட்டு வாங்கிய, இரும்பு கடையும் சின்ன லேத்து, ஓட விட்டாலே உதறியது. அதன் காலுக்கடியில் தகடு சொருகி மறுபடி இறுக்கினான்.

"விரலைத் தின்னுடும்ங்க இது," என்று நடுங்கினாள் மனைவி பாகம்பிரியாள். அண்ணாமலையார் கோயிலில் மந்திரித்து வந்த கயிற்றை அவன் மணிக்கட்டில் கட்டினாள். "இனிமே பயமில்ல."

ஸ்விட்சைப் போட்டான். உதறல் இல்லை. மகிழ்ச்சியில் குனிந்தான்.

கயிற்றின் தொங்கல் லேத்தில் சுழன்ற இரும்புக் கம்பியில் சுற்றிக்கொண்டது. கை உள்ளே இழுபட்டது. அலறினான். விரல் இரும்பைத் தொடும் நேரம், கயிறு அறுந்தது.

ஓடி வந்த பாகம்பிரியாள் அறுந்த கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? இதான் உங்களைக் காப்பாத்துச்சு."

லேத்து ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு அறவே அறாத கயிறா, மூணு பிரி முறுக்கிக் கட்டிடறேன்," என்றாள்.