விடமாட்டேன்

பிரபுக்கள் கூடும் வார்சா சபைக்கு அன்று கடைசி நாள். கொள்ளையடிக்க வரும் தாத்தார் கூட்டத்தைத் தடுக்க எல்லைக்குப் படை வேண்டுமென்று, பிரபுக்களிடம் அவர்களே தேர்ந்தெடுத்த ராஜா மன்றாடியிருந்தார். எல்லையிலிருந்து இரவு பகலாகக் குதிரையோட்டி வந்திருந்தார் ஒனுஃப்ரி பிரபு. அந்தப் படைக்காகத்தான் வந்திருந்தார்.

பேச்சு முடிவதற்குள் இருட்டிவிட்டது. அங்கே விளக்கேற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் சபை கலைந்துவிடும், படையும் கிடையாது. அதைத்தான் அவர்கள் சுதந்திரம் என்று மெச்சிக்கொண்டார்கள்.

"மெழுகுவத்தி கொண்டுவர விடுறீங்களா?" என்று கேட்டார் சபைத் தலைவர்.

"விடமாட்டேன்!" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது.

தலைவர் தடியைத் தரையில் தட்டினார். தட்டினால் தட்டியதுதான். சபை கலைந்தது.

ஒனுஃப்ரி துள்ளி எழுந்தார். "எவன்டா அந்தத் துரோகி? என் பொண்டாட்டி பிள்ளைங்க எல்லையில இருக்காங்கடா!"

பக்கத்து இருக்கையிலிருந்த ஹீரோனிம் அவரை வெறித்துப் பார்த்தார். "நடிக்காதீங்கண்ணே. கத்தினதே நீங்கதான்."

"நானா? நான் இப்பதான்யா கண்ணு முழிச்சேன். பாழாப்போன கனவு. தாத்தார்காரன் எங்க வீட்டுக் கதவை உடைச்சு உள்ள வரான். நான் குறுக்க விழுந்து..."

"விழுந்து என்னண்ணே சொன்னீங்க?"

ஒனுஃப்ரி தன் வாயைப் பொத்திக்கொண்டார்.